எங்களைக் கொல்ல ஆள் அனுப்புக

அனுப்புநர்:
கோபோல்டுகள்,
ஃபார்கோடீப் சுரங்கம், எல்வின் காடு, அஸெராத்.

பெறுநர்:
நிர்வாகத்தார்,
பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட், இர்வைன், கலிஃபோர்னியா.

பொருள்: எங்களைக் கொல்ல ஆள் அனுப்பக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தலையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு, தங்கள் ஆன்லைன் விளையாட்டான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2004 முதல் செத்துக்கொண்டிருக்கும் இனம் நாங்கள். செத்த சில நிமிடங்களில் எழுந்து மறுபடியும் சாகிறோம், விடுப்பு எடுத்ததில்லை. கோல்ட்ஷயர் மருந்துக்காரர் வில்லியம் பெஸ்ஸில் பெரிய மெழுகுவர்த்தி 8 கேட்பார். அதற்காகப் புது ஆள் ஒருவர் ஓட்டைக் கத்தியோடு வந்து, எங்களில் பலரைச் சாய்த்துத்தான் எட்டைத் தேற்றுவார். (தலையில் எரியும் மெழுகுவர்த்தி, செத்தவுடன் பலரிடம் இல்லாமல் எங்கே போகிறது என்று எங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு தங்களுடையது.)

இப்போது ஆள் வரத்து இல்லை. விசாரித்தோம். 2014இல் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் என்ற எக்ஸ்பான்ஷனை வாங்கியவர்களுக்கு, ஒரு கேரக்டரை நேராக 90ஆம் லெவலில் உட்காரவைக்கும் பூஸ்ட் இனாமாம். இன்னொன்று வேண்டுமென்றால் 60 டாலர். ஏன் இவ்வளவு விலை என்ற கேள்விக்குத் தங்கள் அன்றைய வடிவமைப்பாளர் ஐயன் ஹாஸிகோஸ்டாஸ் சொன்ன காரணம் எங்கள் சுரங்கத்தில் இன்றும் பேச்சாக இருக்கிறது: லெவல் ஏறியவர்களின் சாதனைக்கு மதிப்புக் குறைந்துவிடக் கூடாதாம். உழைப்பின்மேல் இருக்கும் மரியாதையாலேயே, உழைக்காமலிருப்பதற்குக் கூடுதல் விலை வைத்த நிர்வாகத்தை வேறெங்கும் காண முடியாது.

பூஸ்டில் வருபவருக்கு முழு கியர், பெரிய பைகள், பறக்கும் வாகனம் எல்லாம் தயார். ஆரம்பகாலத்தில் 40ஆம் லெவலில்தான் குதிரையே. அதற்குக் காசு சேர்க்க எங்கள் கிழிந்த சட்டைப்பை வரை துழாவினார்கள். போகட்டும். ஆனால் பூஸ்டில் வந்தவருக்கு எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று தெரியாதே என்று தாங்களே பயந்து, வித்தைகளில் பலவற்றைப் பூட்டிவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டீர்கள். 90ஆம் லெவலில் அரிச்சுவடி! அந்தப் பாடத்தைத்தான் ஐயா, முதல் பத்து லெவலுக்குள் நாங்கள் உயிரைக் கொடுத்து நடத்திக்கொண்டிருந்தோம். அதுவும் சம்பளமில்லாமல்.

அந்த இனாம் கியராவது நிலைத்ததா? புது எக்ஸ்பான்ஷனில் நாலு குவெஸ்ட் முடிப்பதற்குள் கடைக்காரரிடம் போய்விடுகிறது. மாதக்கணக்கில் ரெய்டு போய் வாங்கிய உயர்தர ஊதாக் கவசத்தையே, அடுத்த எக்ஸ்பான்ஷனின் காட்டுப்பன்றி தரும் மலிவான பச்சைச் சட்டை தோற்கடிக்கிறது. லெவல் எண்கள் வீங்கி முகத்தில் இடிக்க ஆரம்பித்ததும் தாங்களே வெட்டுவீர்கள். 2020இல், 120ஆம் லெவலில் படுத்தவர்கள் 50இல் எழுந்தார்கள். அவர்களில் காசு கொடுத்து ஏறியவர்களும் உண்டு. இறக்கியதற்குப் பணம் திரும்பியதா என்று கேட்பது எங்கள் தகுதிக்கு மீறியது. அதே வருடம் புதியவர்களுக்கென்று எக்ஸைல்ஸ் ரீச் என்ற தனித் தீவையும் திறந்தீர்கள். எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்சம் பேரும் அங்கே போய்விட்டார்கள்.

நடுவில் 2019இல் ஒரு வசந்தம் வந்தது. பழைய கஷ்டமே வேண்டுமென்று கேட்டவர்களுக்காக, விளையாட்டின் பழைய வடிவமான கிளாசிக்கைத் திறந்தீர்கள். நாங்கள் தரையிலிருந்து எழுவதற்குள் அடுத்த வெட்டுக்கு வரிசை கட்டி நின்றார்கள். அப்படியொரு மரியாதையை நாங்கள் கண்டதில்லை. 2021இல் அங்கேயும் பர்னிங் க்ருசேட் என்ற எக்ஸ்பான்ஷன் வந்தது. கூடவே 58ஆம் லெவல் பூஸ்டும் வந்தது: 40 டாலர், கணக்குக்கு ஒன்று. கஷ்டத்தைக் கேட்டு வாங்கியவர்களுக்கே கஷ்ட விலக்கு விற்கத் தனித் திறமை வேண்டும்.

பாதையும் தங்களுடையது, பாதையைத் தாண்டும் சீட்டும் தங்களுடையது. இரண்டுக்கும் நடுவில் மெழுகுவர்த்தியோடு நிற்கும் எங்களுக்கு ஒரு பங்கு வேண்டாமா?

ஆகவே, ஆள் அனுப்ப இயலாவிட்டால், கீழ்க்கண்ட திட்டத்துக்காவது அனுமதி வழங்க வேண்டுகிறோம். இனி எங்களை யாரும் கொல்ல வேண்டியதில்லை. சுரங்க வாசலில் பணம் கட்டினால் மெழுகுவர்த்தி எட்டையும் துணியில் சுற்றி நாங்களே தந்துவிடுகிறோம். விலை 60 டாலர். குறைத்துக் கேட்க வேண்டாம்; நாங்கள் இதுவரை செத்ததற்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கோபோல்டுகள்.