பல்லக்கில் இருப்பவருக்கு முதுகுவலி!

கேள்வி: ‘வெள்ளையனின் சுமை’ என்று ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் பாடினாரே, அப்படி எதைத்தான் சுமந்தார்கள்?

பதில்: வெறுங்கையோடு வந்து மூட்டையோடு திரும்பினால் சுமக்கத்தானே வேண்டும்! கிப்ளிங் பிறந்தது பம்பாயில்தான். ஆனால் 1899-இல் வந்த அந்தக் கவிதை, ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸை வாங்கிய அமெரிக்காவுக்கான உபதேசம். விற்கப்பட்ட மக்களோ அந்தப் பாட்டில் விவரமில்லாத பிள்ளைகள்! பாட்டை முன்கூட்டியே படித்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட், கவிதை சுமார்தான், ஆனால் நாடு பிடிக்க நல்ல சரக்கு என்ற பொருளில் நண்பருக்கு எழுதினார். அதே ஆண்டு இங்கிலாந்திலேயே அரசியல்வாதி ஹென்றி லபூஷேர் ‘பழுப்பு மனிதனின் சுமை’ என்று எதிர்ப்பாட்டு எழுதி மானத்தைக் காப்பாற்றினார். பல்லக்கில் சாய்ந்திருப்பவர் ‘முதுகு வலிக்கிறது’ என்றால், தூக்குகிறவன் வேறென்ன செய்வான், பாட்டுக் கட்டுவதைத் தவிர?