படத்தின் பின்பாதி

'தி பிசினஸ் ஆஃப் பீயிங் பார்ன்' ஆவணப்படம் பார்த்ததிலிருந்து, "பிரசவம்னா வீட்டுலதான்" என்கிறாள் என் மனைவி. என்ன சொல்லட்டும்?

கடைசிவரை பார்த்தாரா என்று கேளுங்கள். தயாரிப்பாளர் ரிக்கி லேக் வீட்டுக் குளியல் தொட்டியில் குழந்தை பெறுவது எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டுப் பிரசவத்துக்கே திட்டமிட்டிருந்த இயக்குநர் ஏபி எப்ஸ்டீனுக்குக் குறைமாதத்தில் வலி கண்டது. குழந்தையின் தலையோ மேலே. நியூயார்க் மருத்துவமனைக்கு விரைந்தார்கள். சிசேரியன்! அதையும் மறைக்காமல் படத்தில் வைத்தாரே, அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

இன்னொன்று: உங்கள் மனைவி கேட்பது வீட்டையா, மரியாதையையா? பிரசவ அறையில் விரும்பிய துணை உடனிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே பரிந்துரைத்திருக்கிறது. மருத்துவரிடம் இப்போதே பேசி, அந்தத் துணையாக நீங்களே போய் நில்லுங்கள்.