சுவரைத் துளைக்கும் லிஸ்டீரியா

கேள்வி: உடம்பில் இவ்வளவு காவல் இருந்தும் சில பாக்டீரியாக்கள் எப்படித் தப்பிக்கின்றன? அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: பார்த்தே விட்டார்கள்! காய்ச்சாத பால், அதில் செய்த பாலாடைக்கட்டி வழியாக உள்ளே வரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை வெள்ளணு விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. நச்சுப்புரதம் ஒன்றால் பையை ஓட்டை போட்டு அது வெளியே வந்துவிடும். அடுத்து செய்வதுதான் பலே வேலை. செல்லின் சொந்தச் சரக்கான ஆக்டின் புரதத்தையே தன் பின்னால் வாலாகக் கோத்து, அந்த உந்தலில் பக்கத்துச் செல்லுக்குள் புகுந்துவிடும். வாசலில் போலீஸ் நிற்க, நடுச்சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குப் போகும் திருடன் மாதிரி! வெளியே காத்திருக்கும் ஆன்டிபாடிகளுக்குத் தலையே காட்டாது.

1989-ல் லூயிஸ் டில்னியும் டேனியல் போர்ட்னாயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த வாலைப் படமெடுத்தார்கள். 1992-ல் ஜூலி தெரியட் குழுவினர் ஆக்டினில் சாயம் ஏற்றி, வாலில் ஒரு பட்டையை மட்டும் ஒளிரவைத்தார்கள். பட்டை இருந்த இடத்திலேயே நின்றது. பாக்டீரியா முன்னால் போய்க்கொண்டே இருந்தது. வால் வளரும் வேகம்தான் அது ஓடும் வேகம் என்பது அப்படித்தான் தெரிந்தது. எவ்வளவு அழகான பரிசோதனை! இத்தனைக்கும் ஆக்ட்-ஏ என்ற ஒரே ஒரு புரதத்தை நீக்கிவிட்டால் வால் முளைக்காது. லிஸ்டீரியா புகுந்த செல்லிலேயே முடங்கிவிடும்.