23 கிலோ சார்

ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு ஜாதகம் பார்க்கிறவர், ஒரு வீட்டு புரோக்கர், எந்நேரம் கேட்டாலும் பிளம்பர் நம்பர் தருகிறவர் என்று சிலர் இருப்பார்கள். திருமுல்லைவாயிலில் கூடுதலாக இன்னொருவர் உண்டு. சோழம்பேடு ரோட்டில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "23 கிலோ சார் வீடு எது?" என்று கேளுங்கள். இஸ்திரி வண்டிக்காரர் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டுவார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கும் இதே ஆள் லக்கேஜ் அங்கிள், பொடி மாமா, விசா தாத்தா என்று வேறு வேறு பெயரில் உலவுகிறார்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளை அங்கே பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. யாரும் நியமிக்கவில்லை. சம்பளமும் கிடையாது.

சார், ஆவடி டாங்க் ஃபேக்டரியில் தரப் பரிசோதனை செய்து ரிட்டயர் ஆனவர். அர்ஜுன் டாங்கியின் புது மாடல் 68 டன் எடை. அதைப் பற்றி ஊரே பேசியபோதும் வாய் திறக்காத மனிதர், சூட்கேஸ் ஒன்று விமான வரம்பைத் தாண்டி 23 கிலோ 200 கிராம் காட்டினால் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு. லீவுக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கி வந்து கொடுத்ததில் ஷோகேஸ் முழுக்கத் தராசு. எல்லாம் ஒரே எடை காட்டுகின்றனவா என்று ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு அவ்வப்போது சோதிப்பதுதான் அவருடைய உடற்பயிற்சி.

அவருடைய பாஸ்போர்ட் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது. திருப்பதிக்கு அந்தப்பக்கம் போனதில்லை. ஆனால் டப்ளினில் வெந்தயம் எங்கே மலிவு என்று கேட்டால் தெருப் பெயரோடு சொல்வார்.

ஜூனில் சீசன் ஆரம்பிக்கும். அமெரிக்காவுக்கு ஆகஸ்ட், பிரிட்டனுக்கு செப்டம்பர், ஜெர்மனிக்கு அக்டோபர். இதில் அமெரிக்கா போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். பயண நாள் சரியாக ஆடியில் வந்து விழும். "ஆடியில யாராவது புள்ளய கடல் தாண்டி அனுப்புவாங்களா?" என்று பாட்டிகள் கண்ணைக் கசக்குவார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. சாரின் தீர்ப்பு எளிமையானது. "பாட்டிம்மா, ஆனியில நல்ல நாளாப் பார்த்து ஒரு பெட்டிய மட்டும் எங்க வீட்டுல கொண்டாந்து வைங்க. அன்னைக்கே கிளம்பினதாக் கணக்கு." பரஸ்தானம் வைப்பது நம் ஊரில் பழைய வழக்கம்தானே. அதனால் ஆடி மாதம் முழுக்க சார் வீட்டு ஹால் விமான நிலையத்தில் பெட்டி வந்து விழும் இடம் மாதிரி இருக்கும். அவருடைய மனைவி டி.வி. பார்ப்பதே இரண்டு சூட்கேஸுக்கு நடுவில் உள்ள சந்து வழியாகத்தான்.

பெட்டி கட்டும் நாளைப் பாருங்கள். ஒரு தாய், ஒரு தகப்பன், நடுவே கழுத்தில் ஹெட்போன் மாட்டிய பையன்.

"எந்த நாடு?"

"ஜெர்மனி சார். ஆகன்."

"சமைக்க வருமா?"

பையன் அம்மாவைப் பார்ப்பான். அம்மா பதில் சொல்வார்: "மேகி நல்லா செய்வான் சார்."

சார் பெருமூச்சு விட்டுக்கொண்டே பெட்டியைத் திறப்பார். சாம்பார் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, மோர்மிளகாய், வடகம், அப்பளம். மாவு மில்காரரே "எந்த நாடுக்கா?" என்று கேட்டுத்தான் மிளகாயைக் கொட்டுகிற காலம் இது. பெட்டியில் துணிக்கு ஒரு மூலை மிச்சமிருக்கும். அதில் ஒரு தோசைக்கல்லைச் செருகி வைத்திருப்பார்கள்.

இங்கேதான் சாரின் ஞானம் வேலை செய்யும். முதலில் நெய் பாட்டிலை எடுத்து வெளியே வைப்பார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணி பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. "அப்போ கருவாடு?" என்று தகப்பன் சும்மாக் கேட்டு வைப்பார். "தாராளமா. மீன் வகை இருபது கிலோ வரைக்கும் விடுவான்." அந்த வீட்டில் கருவாட்டு வாசனையே ஆகாது. "நெய்க்குத் தடை, கருவாட்டுக்குப் பாஸா? என்ன நாடு சார் அது!" என்று அம்மா அதிர்ந்துபோவார். அடுத்து கொப்பரை வெளியே வரும். எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத் துறை அதை ஒதுக்கி வைத்திருக்கிறது. துபாய் வழியாகப் போகிறவன் பெட்டியில் ஒரு ஸ்பூன் கசகசாகூட இருக்கக் கூடாது. நாம் குருமாவில் போடுவது அங்கே போதைப்பொருள் கணக்கில் வரும்.

அமெரிக்கா போகிறவன் வீட்டில் சண்டை கறிவேப்பிலையில் வெடிக்கும். பாட்டி கொத்தாக உருவி, ஈரத்துணியில் சுற்றி, ஜீன்ஸ் கால் குழாய்க்குள் நுழைத்திருப்பார். சார் நேராக அந்தக் காலுக்குள்தான் கையை விடுவார். கறிவேப்பிலைச் செடியில் தங்குகிற ஒரு சிறு பூச்சி, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்புகிறது. 2005இல் அந்த நோய் ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கிருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள் நொடித்துப்போயின. அதனால் பச்சை இலைக்குத் தடை. "நாலு இலையில என்ன பூச்சி வந்துடப்போவுது?" என்று பாட்டி கேட்பார். இதற்கு சாரிடம் பதில் இல்லை. ஆனால் இலை வெளியே வந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்கு அவர் சொல்வது ஒன்றே ஒன்று: தின்கிற பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் எழுதிக் கொடு. எழுதினால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம் வரும்.

குக்கர் தனிக் கலை. மூன்று லிட்டர், அடி இண்டக்‌ஷனில் பிடிக்க வேண்டும், கேஸ்கட் இரண்டு உபரி, சேஃப்டி வால்வு ஒன்று. குக்கருக்குள் காற்றை ஏற்றுமதி செய்வது அவருக்குப் பிடிக்காது. உள்ளே பொடிப் பொட்டலம், அதன் இடுக்கில் சாக்ஸ். மிக்ஸி விஷயத்தில் பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்றால் பிளக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸியை அங்கே மாட்டினால் அரைக்காது, முனகும். 110 வோல்ட்டில் நம்மூர் கம்பெனிகளே மிக்ஸி செய்து விற்கின்றன என்பது பலருக்கும் பழையதை அங்கே தூக்கிப் போட்ட பிறகுதான் தெரியவரும்.

"எதுக்கு சார் இவ்வளவு? அங்க ஹோட்டல் இல்லாமலா இருக்கும்?" என்று தகப்பன் கேட்டால் சார் கால்குலேட்டரை எடுப்பார். ஜெர்மனி விசாவுக்கு மாணவன் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. மாதம் 992. வாடகை, இன்சூரன்ஸ் போக மிஞ்சுவதில், பத்துப் பன்னிரண்டு யூரோ கொடுத்து மசால் தோசை சாப்பிட்டால் பாதி மாதத்துக்கு மேல் பையன் தியானத்தில்தான் உட்கார வேண்டும்.

பிள்ளை போய் இறங்கியதும் சாரின் இரண்டாவது வேலை தொடங்கும். அவருடைய நாள் உலகத்தின் இரவுச் சாப்பாட்டை வைத்து நடக்கிறது. டெக்சாஸில் இரவு எட்டு மணி என்றால் இங்கே விடிகாலை ஆறரை. மாசிலாமணீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் கொடியிடை நாயகியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். மெல்போர்ன் எட்டு மணி இங்கே மத்தியானம் மூன்றரை, தூக்கம் போச்சு. ஜெர்மனி எட்டு மணி இங்கே பதினொன்றரை, அதுவும் போச்சு.

"சார், விசிலே வரல."

"கேஸ்கட் போட்டியா?"

"கேஸ்கட்னா?"

"மூடிக்குள்ள கருப்பா ரப்பர் வளையம் இருக்கும் பாரு."

"அதுவா? அதைக் கழட்டி ஹேர்பேண்ட் மாதிரி இருக்குன்னு வெச்சிட்டேன் சார்."

இட்லி மாவு புளிக்கவில்லை என்று அழைப்பு வராத குளிர்காலமே கிடையாது. மே மாதம் இங்கே ராத்திரி கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு இறங்கி மேடையில் நடக்கும். முப்பது டிகிரி சூடு கிடைத்தால்தான் மாவில் உள்ள நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக இயங்கும். பத்து டிகிரியில் அவையும் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். "ஓவனுக்குள்ள வை. லைட்டை மட்டும் போடு, ஓவனைப் போடாத" என்பது சாரின் புகழ்பெற்ற வாக்கு. இரண்டாம் பாதியைக் காதில் வாங்காத ஒரு பையன் 180 டிகிரி போட்டுவிட்டான். அறை நண்பர்கள் அதை ஏதோ தென்னிந்திய ரொட்டி என்று நினைத்து வெண்ணெய் தடவிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

தாளிப்பு இன்னொரு கண்டம். கடுகு வெடித்து மிளகாய் கருகினால் விடுதியின் புகை அலாரம் அலறும். இருநூறு பேர் பைஜாமாவோடு பனியில் இறங்கி நிற்பார்கள். சிலர் அலாரத்துக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டு மாட்டிக்கொள்வதும் உண்டு. சார் அதில் மட்டும் கறார்: "அலாரத்தை மூடாத, வாணலிய மூடு."

துவரம்பருப்பு கிடைக்கவில்லை என்றால் சூப்பர் மார்க்கெட்டில் சிவப்பு மைசூர்ப் பருப்பு வாங்கு, குக்கரே வேண்டாம், கால் மணியில் குழைந்துவிடும் என்பார். வெண்டைக்காய்க்கும் கொத்தமல்லிக்கும் துருக்கிக் கடை, தேங்காய்ப் பாலுக்குச் சீனக் கடை. மைசூர்ப் பருப்பில் சாம்பாரா என்று இங்கே மூன்று அம்மாக்கள் சாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்கிறாரே, சார் அடுப்பு பற்றவைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. கேஸ்கட், வால்வு, வோல்ட் வரைக்கும் அவர் பேசுவார். "உப்பு அதிகமாயிடுச்சு" என்று குரல் வந்ததும் போன் சத்தமில்லாமல் கைமாறும். அவருடைய மனைவி "உருளைக்கிழங்கு நறுக்கிப் போடு" என்று மூன்றே வார்த்தை சொல்லிவிட்டு டி.வி.க்குத் திரும்புவார். டெக்சாஸில் புகழ் சாருக்குச் சேரும்.

வழியனுப்பும் அன்று சார் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். பொருள் எப்போதும் ராமானுஜன். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போன கணித மேதை, சைவச் சாப்பாட்டுக்காகத் தன் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் மதியம் அவர் போயிருந்தபோது ராமானுஜன் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்ட, ராமானுஜன் கிளறிக்கொண்டே அந்தப் புதிருக்கு மட்டுமல்ல, அந்த வகைப் புதிர் மொத்தத்துக்கும் விடையைத் தொடர் பின்னமாகச் சொல்லிவிட்டார். "பாத்தியா, அடுப்புகிட்ட நின்னா மூளை எப்படி வேலை செய்யுது!" என்பார் சார்.

அவர் சொல்லாத கதையை நான் சொல்கிறேன். அதே ராமானுஜன் ஒருமுறை நண்பரையும் இரண்டு பெண்களையும் விருந்துக்கு அழைத்துத் தானே ரசம் வைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது பெண்கள் போதும் என்றார்கள். ஆள் எழுந்து போனவர்தான், திரும்பவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுண்டு அனுப்பும்படி தந்தி வந்தது. சமைத்துப் போட்டவனின் ரோஷம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நம் அம்மாக்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு போக டிக்கெட் இல்லை, அவ்வளவே. சோற்றில் உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எத்தனை நாளும் ஓட்டிவிடுவேன் என்று ஊர் நண்பருக்குக் கடிதம் எழுதியவர், 1919இல் உடல் உருகித் திரும்பினார். அடுத்த வருடம் இறந்தபோது வயது 32. சொற்பொழிவில் இந்த முடிவு வரும்போது சார், "ஒரு மூணு லிட்டர் குக்கர் மட்டும் அவர்கிட்ட இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொள்வார்.

ராமானுஜனுக்குக் கிடைக்காத இன்னொரு வசதி ஈழத்தமிழர் கடை. 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமிலும் பாரிஸ் லா ஷப்பெலிலும் டொராண்டோ ஸ்கார்பரோவிலும் கடை போட்டார்கள். உறைய வைத்த முருங்கைக்காயும் நல்லெண்ணெயும் இட்லி அரிசியும் இன்று நம் பிள்ளைகள் கைக்கு எட்டுவது அவர்களால். நம்மூர்ப் பையன் ஒருவன் அப்படி ஒரு கடையில் நின்றபோது நடந்ததை சார் நடித்தே காட்டுவார். "தம்பி, நீர் எவடம்?" "சென்னை அண்ணா. திருமுல்லைவாயில்." "ஓ, நான் ரெண்டு வருசம் வளசரவாக்கத்தில இருந்தனான். அங்கயிருந்து கிட்டத்தானே!" பச்சை மிளகாய்க்குக் காசு வாங்கவில்லையாம். பெட்டியில் சாம்பார் பொடியை ஒரு கிலோ குறை, போய் இறங்கிய வாரமே அந்தக் கடையைக் கண்டுபிடி என்று சார் சொல்வது இதனால்தான்.

சமீபமாக சார் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். காரணம், போன பொடிகள் அப்படியே திரும்பி வருவது. பருப்புப் பொடியைப் பிசைய சோறு வேண்டும். சோறு வடிக்க வராத பையன் அதை ரொட்டியில் தூவித் தின்றிருக்கிறான். பெண்பிள்ளை என்றால் சமையல் பிறவியிலேயே வந்திருக்கும் என்று நினைக்கிற வீட்டாரும் ஏமாந்துபோகிறார்கள். அவளும் நீட் கோச்சிங், ஜே.இ.இ. கோச்சிங் என்று வளர்ந்தவள்தானே, அடுக்களைப் பக்கம் எப்போது போனாள்? அதனால் ஜூனில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுச் சமையலறையில் வகுப்பு. ஆசிரியை அவருடைய மனைவி. சாதம், பருப்பு, ரசம், ஒரு பொரியல், பாலுக்கு உறை ஊற்றுவது. ஹாலில் காத்திருக்கும் அம்மாக்கள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. "ஐயோ, கத்திய எப்படிப் பிடிக்கிறான் பாருங்க" என்று கத்துகிறவர்கள் வாசலுக்கு அனுப்பப்படுவார்கள். ரசத்தைக் குடித்துப் பார்த்து ஆசிரியை அம்மா தலையாட்டினால்தான் அந்தப் பிள்ளையின் பெட்டியில் தராசுக் கொக்கி மாட்டப்படும்.

ஆகவே, செப்டம்பரில் பிள்ளையை அனுப்பவிருக்கும் வீட்டார் கவனத்துக்கு: ஆகஸ்ட் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சார் வீட்டுக்கு ஓடாதீர்கள். ஜூனிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணி. அரிசியும் பருப்பும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.