போப் வாய் திறந்தாலே சட்டமா?

கேள்வி: 'போப் தவறே செய்யமாட்டார்' என்கிறார்கள். 'போப் அந்தர் பல்டி' என்றும் செய்தி வருகிறது. எதை நம்புவது?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டையுமே நம்பாதீர்கள்! தவறே செய்யாதவருக்குப் பாவசங்கீர்த்தனம் எதற்கு? 2014 மார்ச்சில், புனித பேதுரு பேராலயத்தில் எல்லார் கண்முன்னும் ஒரு சாதாரண குருவிடம் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தவர் போப் பிரான்சிஸ்.

1870 ஜூலை 18 அன்று, வெளியே இடி இடிக்க, முதல் வத்திக்கான் சங்கம் 533-2 என்ற ஓட்டுக் கணக்கில் நிறைவேற்றிய 'தவறா வரம்' ரொம்பச் சின்ன வட்டம். விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை, அனைவருக்கும் மேய்ப்பர் என்ற முறையில், முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டும் என்று போப் இறுதியாக அறிவித்தால் மட்டுமே அது பொருந்தும். அதன்பின் அப்படி அறிவிக்கப்பட்டது ஒரே முறை: 1950 நவம்பர் 1, மாதாவின் விண்ணேற்பு. அறிவித்தவர் பன்னிரண்டாம் பயஸ்.

மழை வருமா என்று போப் சொன்னால், அதற்கு வானிலை மையத்தின் மதிப்புகூடக் கிடையாது!

இனி 'அந்தர் பல்டி'க்கு வருவோம். 2013 ஜூலையில், ரியோவிலிருந்து திரும்பும் விமானத்தில், 'நல்ல மனதோடு இறைவனைத் தேடும் ஓரினச்சேர்க்கையாளரைத் தீர்ப்பிட நான் யார்?' என்ற பொருளில் பேசினார் பிரான்சிஸ். அதே பதிலில் திருச்சபையின் மறைக்கல்வி நூலையும் சுட்டிக்காட்டினார். தலைப்புச் செய்திக்கு 'தீர்ப்பிட நான் யார்?' என்ற வால் மட்டும் போதுமாக இருந்தது. போதனையே மாறிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை 'போப் அதிரடி' என்று படித்தால், சொன்னது பேட்டியிலா, சுற்றுமடலிலா என்று முதலில் பாருங்கள். பாதி அதிரடி அங்கேயே அடங்கிவிடும்.