பெட்டிக்குப் பூட்டு உண்டு

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். நானும் ஓர் உறுப்பினன். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒரு பீரியட் வட்டமாக உட்கார வைத்து மனம்விட்டுப் பேச வைக்கப் போகிறார்கள். எதைப் பற்றி மனம் விடலாம் என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும். மூன்று மணிக்குக் கூட்டம். மூன்றே காலுக்கு போண்டா. மூன்றரைக்குத் தலைப்புகள் தயார்.

கை கழுவுதல். செல்போனின் தீமைகள். நெகிழி ஒழிப்பு. சாலைப் பாதுகாப்பு. பெரியோர் சொல் கேட்டல். காலந்தவறாமை. கடைசித் தலைப்பைச் சொன்ன புண்ணியவான் மூன்று இருபத்தைந்துக்குத்தான் உள்ளே வந்தார்.

குழுவின் தலைவர் ஒரு மாணவியின் தாயார். விதிப்படி பெற்றோர்தான் தலைவர். அந்த அம்மா அன்று பேசியது ஒரே சொல்: வணக்கம். அதற்கு மேல் பேச அவரை யாரும் விடவில்லை. கையெழுத்துக்கு மட்டும் மூன்று இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்கள்.

நெகிழி ஒழிப்புக்கு எட்டுக்கு ஆறில் ஒரு பிளக்ஸ் அடிக்க அங்கேயே ஆர்டர் போனது. பிளக்ஸ் எதில் செய்வது என்று கேட்டேன். "சார் எப்பவும் இப்படித்தான்" என்று சிரித்தார்கள். சாலைப் பாதுகாப்புக்கும் ஆட்சேபம் இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பள்ளி நேரத்துக்கு வருவது ஒரே பஸ். படிக்கட்டில் தொங்குவது தவறு என்று, தொங்கிக்கொண்டு வந்தவனுக்கே ஒரு மணி நேரம் சொல்லப் போகிறோம். கை கழுவுதலும் நல்ல தலைப்பு. குழாயில் தண்ணீர் வருகிற அன்று செய்முறையும் வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் குற்றவாளி யார்? பிள்ளை. கை கழுவாதவன் அவன். செல்போனை நோண்டுகிறவள் அவள். சொல் கேட்காததும் நேரத்துக்கு வராததும் அவர்களே. பெரியவர் ஒருவர்கூடக் கூண்டில் ஏறாத தலைப்பு உடனே தேறும். ஏறுகிற தலைப்பு "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்". தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு நீதி போதிக்கும் கலையின் மொத்த இலக்கணம் இவ்வளவுதான்.

பிள்ளைகளிடமும் தலைப்பு கேட்டிருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டும். கேட்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் விழுந்த சீட்டுகளை மேசையில் கொட்டினார்கள். கணக்கு நோட்டில் கிழித்த கட்டம் போட்ட தாள்கள். பக்கத்தில் இருந்த மூன்றை எடுத்துப் பார்த்தேன். ஒன்று: 'பி.டி. பீரியட்டை ஏன் தினமும் கணக்கு சார் எடுக்கிறார்?' இன்னொன்று: 'சத்துணவுத் தட்டைச் சிலர் மட்டும் ஏன் தனியாக வைக்கிறார்கள்?' மூன்றாவதில் தேதி இல்லை, பெயர் இல்லை, வணக்கம்கூட இல்லை. 'கேர்ள்ஸ் டாய்லெட்டுக்கு தாப்பா இல்ல. ஒருத்தி கதவ புடிச்சிக்கணும்.'

"இதெல்லாம் புகார் சார், தலைப்பு இல்ல" என்றார் ஒருவர். சீட்டுகள் பெட்டிக்குள் திரும்பிப் போயின. பெட்டி பூட்டப்பட்டது. கவனியுங்கள்: பெட்டிக்குப் பூட்டு உண்டு.

தட்டுச் சீட்டை நான் விடவில்லை. சாதி பற்றி ஒரு வாரம் பேசினால் என்ன என்றேன். போண்டா தின்ற வாய்கள் நின்றன. "சாதின்னு போட வேண்டாம் சார். நல்லிணக்கம்னு போட்டுக்கலாம்." தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மை அற்றது என்று பாடப்புத்தகத்தின் முன்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறோம். அச்சடிக்கலாம். பேசத்தான் கூடாது.

நாம் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நாடே பார்த்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்தவர்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் பேசாமல் இருக்கவில்லை. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னான். சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது. அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, சைக்கிளில் சாதி வண்ணம் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நீதிபதி வந்து சொன்ன பிறகுதான் பதிவேட்டில் சாதி இருப்பது நமக்குக் கண்ணில் பட்டது. கயிறு கட்டியவன் மாணவன். பதிவேட்டில் எழுதியது யார்?

அறிக்கை வந்த சில வாரங்களில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் என்ன தலைப்பு பேசினார்கள் தெரியுமா? முற்பிறவி. மகாவிஷ்ணு என்கிற ஆன்மிகப் பேச்சாளரை அழைத்து மைக் கொடுத்தார்கள். ஏழையாகவும் ஊனத்தோடும் பிறப்பது போன ஜென்மத்துப் பாவம் என்றார் அவர். பாருங்கள், நம் இலக்கணம் எவ்வளவு தூரம் போகிறது! இந்தப் பிறவியில் பிள்ளை மேல் போடக் குற்றம் தீர்ந்துவிட்டதால் போன பிறவியிலிருந்து எடுத்து வந்தார்கள். அந்தப் பேச்சை எதிர்த்துக் கேள்வி கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். கண் உள்ளவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு காணொளி பரவியது, கொதித்தோம், செப்டம்பரில் அவர் கைதானார், தலைமையாசிரியர் மாற்றப்பட்டார், இனி யார் பேசலாம் என்பதற்கு விதிமுறை வரும் என்றார்கள். கயிற்றைப் பற்றிப் பேசப் பயம். கர்மவினைக்கு மைக் தயார்.

2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' வந்தது. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரிப்பது. பெயர் அழகு. பாலையைச் சேர்த்தவர் பள்ளிக் குழாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். திணை ஐந்தாக இருந்தாலும் எங்கள் பள்ளியில் ஒழுக்கம் ஒன்றுதான்: வாயை மூடு.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதீர்கள். நெகிழி ஒழிப்பு வாரத்தில் அந்த பிளக்ஸின் கீழே வட்டமாக உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துப் போட்டோவுக்கு முகம் கொடுத்தார்கள். படம் வாட்ஸ்அப் குழுவில் ஏறியதும் மனம்விட்டுப் பேசும் பீரியட் முடிந்தது. மிச்ச நேரத்தில் கணக்கு சார் வந்தார்.

பிளக்ஸுக்கு ஆயிரத்து நூறு ரூபாய். பில்லை நான் பார்த்தேன். மறுநாள் பஜாரில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். நாலு ஸ்க்ரூவோடு அறுபது ரூபாய். தலைமையாசிரியருக்குப் போன் போட்டு, நானே வந்து மாட்டிவிடுகிறேன் என்றேன். பொருளாகக் கொடுத்தால் தீர்மானம் போட்டுத்தான் வாங்க முடியும், அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள் என்றார். "மாட்டும்போது ஒரு போட்டோவும் வேணும் சார்."

தாழ்ப்பாள் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. பள்ளியில் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.