தண்ணி போடுற வண்டி

வாங்க மாப்ளே, உக்காருங்க. வண்டி வேப்பமரத்தடியிலயே நிக்கட்டும். உங்களைவிட அதுக்குத்தான் மூச்சு வாங்குது. பின்சீட்டுல என்ன, அஞ்சு லிட்டர் கேனு நாலு? நான்கூட சீர்வரிசையோன்னு பாத்தேன். எல்லாம் வண்டிக்குத்தானா! உங்க சித்தப்பாவாச்சும் பொழுது சாஞ்சாத்தான் தண்ணி போடுவாரு. உங்க பழைய மாருதி 800 பதினஞ்சு கிலோமீட்டருக்கு ஒருதரம் கேக்குதே!

ஊத்திக் கொடுத்து எந்தக் குடிகாரனும் திருந்தினதில்லை, மாப்ளே. குடிச்சது எங்க போகுதுன்னு முதல்ல பாருங்க.

ஐயையோ, ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க! சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்துரும். உள்ளே அழுத்தத்தை அது பிடிச்சு வெச்சிருக்கிறதாலதான் தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம கிடக்கு. அதோட ரப்பர் செத்துப்போனா, ஓட்டையே இல்லாத வண்டியும் பொங்கும். மூடிக்குக் கணக்குப் பாத்து இஞ்சினையே இறக்கின புத்திசாலிங்க நம்ம ஊர்லயே உண்டு.

ராத்திரி வண்டி ஆறினதும் பழைய காலண்டர் அட்டையை இஞ்சினுக்கு அடியில விரிங்க. காலையில சொட்டு விழுந்த இடத்துல இருந்து மேலே டார்ச் அடிச்சுக்கிட்டே போங்க. ஹோஸ் வாயில கிளிப்பு தளர்ந்திருக்கும். ரேடியேட்டர் ஓரத்துல உப்புப் பூத்திருக்கும். இல்லாட்டி வாட்டர் பம்ப்புல இருக்கிற சின்னத் துளையில கசியும். உங்க சாமர்த்தியத்துக்கு அதை எம்-சீல் வெச்சு அடைச்சுராதீங்க! உள்ள சீல் போச்சுன்னு காட்டிக்கொடுக்கவே வெச்ச துளை அது.

அட்டை காஞ்சு கிடந்தா சந்தோசப்பட்டுறாதீங்க. வெளியே சிந்தாமத் தீருதுன்னா உள்ளுக்குள்ள போகலாம். ஆயில் குச்சியை உருவுங்க. பால்காபி நிறத்துல நுரை ஒட்டினாலோ, சைலன்சர் நிக்காம வெள்ளைப்புகை விட்டாலோ, ஹெட் கேஸ்கட் மேல சந்தேகப்படுங்க. அப்புறம் ஓட்டாதீங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க.

சிக்னல்ல நின்னா சூடு காட்டுற முள்ளு ஏறி, ஓடினா இறங்குதா? ஃபேன் சுத்துதான்னு பாருங்க. ஃபியூஸோ சுவிட்சோ போயிருக்கும். பைபாஸ்ல ஓடுறப்பவே ஏறினா ரேடியேட்டர் அடைச்சிருக்கலாம். அடைக்காம என்ன செய்யும்? ஊத்துறது நம்ம போர் தண்ணியாச்சே! உங்க மாமியாரோட வெந்நீர்ப் பானைக்குள்ள எட்டிப் பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். அதே உப்புதான் ரேடியேட்டர்லயும். கழுவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊத்துங்க.

மஞ்சத்தூள் போட்டா ஓட்டை அடையுமாங்கிறீங்களா? லாரிக்காரங்க அப்படித்தான் ஊர் வந்து சேருவாங்க. ஊர் வந்து சேரத்தான் அது; குடும்பம் நடத்த ஆகாது. நல்லா இருக்கிற குழாயையும் சேத்து அடைச்சுரும்.

ஞாயித்துக்கிழமை இந்த வண்டியிலயே எங்களைப் பழனிக்குக் கூட்டிட்டுப் போறதா உங்க மாமியார்கிட்ட வாக்குக் கொடுத்தீங்களாமே? ரொம்ப சந்தோசம். நாங்க பஸ்ல வர்றோம். வழியில நீங்க ஓரமா நின்னா, சன்னல் வழியா கை காட்டுறோம். அந்த நாலு கேன்ல ஒண்ணு மட்டும் நல்ல தண்ணியாப் பிடிச்சு வைங்க, மாப்ளே. வெயில்ல நிக்கப்போறது வண்டி மட்டும் இல்லையே!